இரும்புக்கடைக்காரரின் அக்பர்

எமில்டாவிடம் புத்தகம் தட்டச்சுச் செய்விக்க வருகிறவர்களில் எழுதியவர்கள் ஏராளம், வாசித்தவர்கள் குறைவு. பதினெட்டு வருடங்களாகக் கனடாவில் ஸ்காபரோத் தமிழரின் பெருமைகளெல்லாம் அவளுடைய விரல்களைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகின்றன. ஐம்பதாவது திருமணநாள் மலர், கொடியேற்ற மலர், பழைய மாணவர் சங்க மலர், முப்பத்தோராம் நாள் நினைவு மலர். செத்தவர்கள் எல்லாரும் கொடைவள்ளல்கள். இருக்கிறவர்கள் எல்லாரும் ஆய்வாளர்கள். இத்தனை வள்ளல்களும் அறிஞர்களும் ஓர் ஊரில் இருந்தும் அந்த ஊர் ஏன் அகதியாகிக் கனடாவுக்கு வந்தது என்று அவள் சில வேளை யோசிப்பாள். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். எழுத்துப்பிழையைத் திருத்துவது மட்டும்தான் அவளுடைய வேலை.

மன்னார் தீவில் பிறந்தவள். தொண்ணூற்றைந்தில் கனடா வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு பேரோடு இருந்தாள். டோனற் கடையில் நின்றாள். பிறகு ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல் தட்டச்சுச் செய்தாள். பாரவண்டி ஓட்டும் றொனால்ட்டைக் கல்யாணம் கட்டி, ரூஜில் வீடு வாங்கி, இப்போது பகலில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையிலும் மாலையில் வீட்டு நிலவறையில் கணினிக்கு முன்னாலும் இருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு.

போன வருடம் மாசி மாதம் அவளிடம் வந்தவர் ஜெயரட்ணம் மாஸ்ரர். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவர். ரொறன்ரோவில் அவரை அறியாதவர்கள் இல்லை, அறியாமல் இருக்க அவர் விடுவதும் இல்லை. எந்த மேடையில் ஏற்றினாலும் அக்பரைப் பற்றித்தான் பேசுவார். பொங்கல் விழாவென்றால் அக்பரின் நிலவரிச் சீர்திருத்தம். பெண்கள் தினமென்றால் அக்பர் உடன்கட்டையைத் தடுக்க முயன்றது. ஒருமுறை ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாளிலும் இருபத்தைந்து நிமிடம் அக்பரைப் பற்றிப் பேசினார். கேக் வெட்டுமுன் குழந்தை நித்திரையாகிவிட்டது.

ஒரு முதியோர் சங்கத்துக்கு எட்டு வருடம் தேர்தல் இல்லாமல் தலைவராக இருந்தார். அக்பர் இந்துக்கள் மீதிருந்த ஜிஸியா வரியை நீக்கியதுபோலத் தான் அங்கத்துவப் பணத்தை நீக்கியதாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் பணத்தை முதலில் கொண்டுவந்தவரும் அவர்தான், அடுத்த வருடமே நன்கொடை என்று பெயர் மாற்றித் திரும்ப எடுத்தவரும் அவர்தான் என்பதைச் சொல்வதில்லை. ஒரு விழாவில் யாரோ அவரை ‘ஸ்காபரோவின் அக்பர்’ என்று அழைத்தார்கள். அதை அவர் மறுக்கவில்லை. அடுத்த விழாவின் அழைப்பிதழில் அது அச்சிலேயே வந்தது. அழைப்பிதழை எழுதியவர் அவர்.

அவர் கொண்டுவந்தது ஐந்து பழைய டயறிகள் நிறைய எழுதிய கையெழுத்துப் பிரதி. தலைப்பு ‘எல்லாரோடும் சமாதானம்’.

“முப்பது வருச உழைப்பு, பிள்ளை. ஒரு காற்புள்ளியும் மாறக்கூடாது,” என்றார்.

காற்புள்ளிகளே இல்லாத பிரதி அது. எமில்டா ஒவ்வொரு மாலையும் இருந்து தட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ‘மாமன்னர்’, ‘மாண்பு’, ‘மகோன்னதம்’. பிறந்தார், போர் செய்தார், வென்றார், மாண்புடன் மன்னித்தார். வாசிக்க வாசிக்கக் கொட்டாவி வந்தது. ஆனால் இடைக்கிடை ஒரு வசனம் வரும். அந்த இடத்தில் அவளுடைய விரல் நின்றுவிடும்.

ஜிஸியா வரியை நீக்கிய அத்தியாயத்தில் மூன்று பக்கம் புகழ்மாலை. அதன் நடுவில் இப்படி ஒன்று: ‘எடுத்துவிடுகிற கை ஒன்று இருந்தால் திரும்பப் போடுகிற கையும் பின்னால் வரும். நூறு வருடத்துக்குப் பின் கொள்ளுப்பேரன் போட்டான். அரசனின் நல்ல மனம் குடிசனத்துக்குக் காவல் இல்லை.’

எல்லாச் சமயத்தவரையும் அழைத்து வாதம் செய்ய அக்பர் கட்டிய மண்டபத்தைப் பற்றி: ‘எல்லாரும் பேசினார்கள். ஒருவரும் மற்றவர் சொன்னதைக் கேட்கவில்லை. கேட்டவர் அரசர் ஒருவர்தான். அவருக்குத்தான் எழுத வாசிக்கத் தெரியாது.’

பிறந்தநாள் வீட்டில் இருபத்தைந்து நிமிடம் பேசுகிற மனிதருக்கு இந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. தான் அவரைத் தவறாக எடைபோட்டுவிட்டேனோ என்று கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

அந்த வெட்கம் மூன்று கிழமைதான் நின்றது. படங்களை ஸ்கான் பண்ணுவதற்காக மாஸ்ரர் தன் மூலநூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்பரின் ஆட்சியைப் பற்றிய ஆங்கில நூல், மூன்று தடித்த பாகங்கள், சிவப்புத் துணிக் கட்டு. “யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்பு, கொழும்பில இருந்து இஞ்ச. உயிரைக் காப்பாத்தின மாதிரிக் காப்பாத்திக் கொண்டுவந்தனான். கவனம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எமில்டா முதலாம் பாகத்தை விரித்தாள். பக்க ஓரங்களில் பென்சில் எழுத்து. சின்னஞ்சிறு தமிழ் எழுத்துகள், நேர்கோட்டில், கணக்கப்பிள்ளையின் கையெழுத்துப் போல. மாஸ்ரரின் கோழிக்கிறுக்கல் இல்லை. ஜிஸியா வருகிற பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். ‘எடுத்துவிடுகிற கை ஒன்று இருந்தால்’ என்று ஓரத்தில் இருந்தது. வாத மண்டபம் வருகிற பக்கத்தைப் பார்த்தாள். ‘அவருக்குத்தான் எழுத வாசிக்கத் தெரியாது’ என்று இருந்தது. அவளை நிறுத்திய வசனங்கள் ஒன்று விடாமல் அங்கே இருந்தன.

விடுபட்டதும் ஒன்று இருந்தது. சித்தூர்க் கோட்டையை அக்பர் பிடித்த பக்கத்தின் ஓரத்தில்: ‘கோட்டை விழுந்த பிறகும் முப்பதாயிரம் சனம். வரியை எடுத்ததும் இதே கைதான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.’ அதை மட்டும் மாஸ்ரர் எடுக்கவில்லை. மாமன்னரின் மாண்புக்கு அது சரிவராது.

முதல் தாளில் ஒரு கலண்டர் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. பசை காய்ந்து, தொட்டதும் தானாகக் கழன்றது. கீழே மையில் ஒரு பெயர். எம். ஏ. ஜுனைதீன், இரும்புக் கடை, சோனகத் தெரு, யாழ்ப்பாணம், 1968. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில்: ‘12.9.1990. முடிந்தது. மாரிக்குள் முதலிலிருந்து திரும்ப ஒருதரம்.’

எமில்டா அந்தத் திகதியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாதம் ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. மன்னாரில் அடுத்த தெருச் சனம் முழுக்கக் கடற்கரையில் வள்ளத்துக்குக் காத்துக்கொண்டு நின்றதை அவள் கண்ணால் பார்த்தவள்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்ரர் வந்தபோது மேசையில் முதலாம் பாகம் விரித்தபடி கிடந்தது.

“மாஸ்ரர், இந்தப் புத்தகம் எங்க வாங்கினது?”

அவர் கலண்டர் துண்டு இல்லாத தாளைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அப்ப றோட்டில போட்டு வித்தவங்கள், பிள்ளை. கதிரை, கட்டில், அலுமாரி எல்லாம். புத்தகத்தை ஒருத்தரும் சீண்டேல்லை. நான் வாங்காட்டிக் கச்சான் கடலை சுத்தத்தான் போயிருக்கும்.”

“பென்சில் எழுத்து?”

“அது ஆரோ எழுதினது. சரித்திரத்தில எல்லாம் ஆரோ எழுதினதுதானே. ஆராய்ச்சி எண்டா என்ன, கிடக்கிறதை எடுத்துக் கோக்கிறது.”

“அவற்ற பேர் புத்தகத்தின்ர முன்பக்கத்தில இருக்கு, மாஸ்ரர். கடையின்ர பேரும் இருக்கு. நீங்கள் மேல கலண்டர் ஒட்டியிருக்கிறீங்கள்.”

மாஸ்ரர் கதிரையில் சாய்ந்தார். பிறகு சிரித்தபடி கேட்டார். “நீர் மன்னார்தானே. உங்கட பக்கம் ஒருத்தரும் ஒண்டும் வாங்கேல்லையோ?”

எமில்டா புத்தகத்தை மூடினாள். மன்னாரில் அவர்களுடைய வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அது தொண்ணூறாம் ஆண்டு கார்த்திகை மாதம் வந்தது. எங்கிருந்து வந்ததென்று அவள் தாயிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

அன்று பின்னேரம் றொனால்ட்டிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டான். “உமக்கு என்ன வேலை? ரைப் பண்ணுறது. பண்ணிப்போட்டுக் குடும். அக்பரும் செத்துப்போனார், அந்த மனிசனும் செத்திருக்கும்.”

“செத்திருக்குமோ எண்டு தெரியாதுதானே.”

“தெரிஞ்சு?”

தெரிந்து என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனாலும் மன்னாரில் கூடப் படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்டாள். அங்கிருந்து, வெளியேற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் ஒரு நம்பர், அதிலிருந்து இன்னொன்று. இரண்டு கிழமையில் ஜுனைதீனின் மகள் முபீதா கிடைத்தாள். ஒரு சனிக்கிழமை காலை எமில்டா தொலைபேசி எடுத்தபோது புத்தளத்தில் பின்னேரம். ஆரம்பத்தில் முபீதா நம்பவில்லை. யாரோ காசு கேட்கிற பேர்வழி என்று நினைத்தாள். பென்சில் எழுத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகு அவளே திரும்பத் தொலைபேசி எடுத்தாள்.

“வாப்பாட எழுத்துத்தான்,” என்றாள். “கடையில ஆணி நிறுக்கிற மேசையில வச்சு வாசிப்பார். ஆள் வந்தா பென்சிலைக் காதில செருகிக்கொண்டு எழும்புவார்.”

“அவர் இப்ப?”

“தொண்ணூத்தெட்டில மௌத்தாப்போனார். முகாமில. எட்டு வருசம் ஓலைக் கொட்டில்ல இருந்தம் அக்கா. வீட்டைப் பற்றிக் கேக்கமாட்டார். கடையைப் பற்றியும் கேக்கமாட்டார். அலுமாரியில மேல் தட்டில வச்ச புத்தகம் மழைக்கு நனைஞ்சிருக்குமோ எண்டுதான் கேப்பார்.”

“ஜெயரட்ணம் மாஸ்ரர் எண்டு ஆரையும் தெரியுமோ உங்களுக்கு?”

“இல்லையே. ஆர் அது?”

எமில்டா அவர் யாரென்று சொன்னாள். முபீதா கோபப்படவில்லை. “புத்தகம் பத்திரமா இருக்கு எண்டீங்களே, அதுவே போதும்,” என்றாள். அந்தப் பதில்தான் எமில்டாவை இருக்கவிடாமல் செய்தது.

மாஸ்ரரை அழைத்து, நன்றியுரையில் ஜுனைதீனின் பெயரைப் போட வேண்டும் என்றாள். அவர் எதிர்ப்பார், பிரதியைத் திருப்பிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் உடனே சம்மதித்தார். “நல்ல யோசனை பிள்ளை. சமரசத்தைப் பற்றின புத்தகம்தானே,” என்றார். மறுநாள் மின்னஞ்சலில் வந்தது: ‘என் அண்ணனுக்கு நிகரான ஆருயிர் நண்பர் ஜுனைதீன் நானா, ஊரைப் பிரியும் வேளையில் கண்ணீர் மல்க என் கையில் ஒப்படைத்த நூல்களே இவ்வாய்வின் ஊற்று.’

எமில்டா தொலைபேசியில் சொன்னாள். “இது பொய் மாஸ்ரர்.”

“நீர் ரைப் பண்ணுறவ. ரைப் பண்ணும்.”

அவள் தட்டினாள். இதை மறைக்க ஒன்றுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ‘கண்ணீர் மல்க’ என்பதில் ‘ல்’ விடுபட்டிருந்ததையும் திருத்தி, அச்சுக்கு அனுப்பினாள். பதினெட்டு வருடப் பழக்கம் அது.

வெளியீட்டு விழா புரட்டாதி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். இருநூறு பேர் வந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. ஒன்பது பேர் பேசினார்கள். அவர்களில் எவரும் புத்தகத்தைத் திறந்திருக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒருவர் அக்பரை ஷாஜகானின் மகன் என்றார், அதற்கும் கைதட்டினார்கள். ஒருவர் மாஸ்ரருடன் படித்த காலத்தை மட்டும் பேசினார். இன்னொருவர் தன் அடுத்த வெளியீட்டின் திகதியைச் சொன்னார்.

கடைசியில் ஏற்புரை. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தக் கொடிய நாளில் ஜுனைதீன் நானா என் வாசலுக்கு ஓடிவந்தார்,” என்று ஆரம்பித்தார். “ஜெயரட்ணம், என்னிடம் இருக்கும் செல்வம் இது ஒன்றுதான், இதற்கு நீதான் பொருத்தமானவன் என்றார்.” மேடைத் தமிழில் இரும்புக்கடைக்காரர் அழுதார். மாஸ்ரரும் அழுதார். முன்வரிசையில் இரண்டு அன்ரிமார் கைக்குட்டை எடுத்தார்கள். நானாவை விரட்டியது யார் என்று மாஸ்ரர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அது மழையைப் போல, புயலைப் போலத் தானாக வந்த கொடிய நாள்.

பிறகு நிகழ்ச்சித் தொகுப்பாளர் டெனிஸ்டன், நூலை வடிவமைத்த எமில்டாவைப் பொன்னாடை வாங்க மேடைக்கு அழைத்தார். தட்டச்சுக்காரர் மேடையில் ஏறினால் குனிந்து ஆடையை வாங்கி, படத்துக்குச் சிரித்து, இறங்க வேண்டும். எமில்டா ஏறினாள். வாங்கினாள். ஒலிவாங்கி அவளுடைய கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“நான் மேடையில கதைக்கிற ஆள் இல்லை,” என்றாள். “மாஸ்ரர் சொன்னதில ஒரு பிழை இருக்கு. அதை ரைப் பண்ணினது நான், அதால எனக்கும் பங்கு. ஜுனைதீன் நானா ஒருத்தருக்கும் புத்தகம் குடுக்கேல்லை. அவரைக் கலைச்சுப்போட்டு அவற்ற சாமானை எங்கட ஆக்கள் றோட்டில வித்தவை. மாஸ்ரர் வாங்கினவர். எங்கட வீட்டிலயும் அம்மா ஒரு தையல் மெஷின் வாங்கினவ. அதில தைச்ச சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் கனடாவுக்கு வந்தனான். இந்தப் புத்தகத்தில இருக்கிற நல்ல வசனம் எல்லாம் நானா ஓரத்தில பென்சிலால எழுதினது. அவற்ற மகள் புத்தளத்தில இருக்கிறா. மாஸ்ரரை அவவுக்குத் தெரியாது.”

மாஸ்ரர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு மேல்கூரையைப் பார்த்தார். பிறகு டெனிஸ்டன் ஒலிவாங்கியை மென்மையாக எடுத்தார்.

“எமில்டா அக்காவின் உணர்வுபூர்வமான கருத்துகளுக்கு நன்றி. அனைவரும் சிற்றுண்டி அருந்திச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இருநூறு பேரும் எழும்பினார்கள். றோல்ஸும் வடையும் சூடாக இருந்தன. சரித்திரம் ஆறிப்போய்க் கிடந்தது. எமில்டா பொன்னாடையை மடித்துக்கொண்டு கதவடியில் நின்றாள். றொனால்ட் பக்கத்தில் வந்து அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டான்.

நிரூபா அன்ரி, கைக்குட்டை எடுத்த இருவரில் ஒருவர், தேநீர்க் கோப்பையோடு கிட்ட வந்தார். “உதுகளை ஏன் பிள்ளை இப்ப கிளறுறீர்? எல்லாருக்கும் எல்லாம் தெரியும்தானே.”

“தெரியுமெண்டா ஏன் அன்ரி அழுதனீங்கள்?”

“அது மாஸ்ரர் சொன்ன விதம்,” என்றார் அன்ரி.

இன்னொருவர், சங்கத்தில் பொருளாளராக இருந்தவர், எங்கட சனம் பட்ட பாட்டுக்கு முன்னால் இது ஒரு பாடா என்று கேட்டார். ஒருவர் சபை நாகரிகம் என்றார். ஜுனைதீன் என்ற மனிதர் எப்படி இருந்தார், என்ன வாசித்தார், மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. புத்தகங்கள் நல்லாக விற்பனையாகின. அதாவது, காசு வைத்த வெள்ளை உறைகள் கொடுக்கப்பட்டுப் புத்தகங்கள் வாங்கப்பட்டன. அவை காரின் பின்சீற்றில் இருந்து வீட்டுக்குள் போனது எத்தனை என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு எமில்டாவுக்கு வேலை குறைந்தது. ஒரு கோயில் மலர் வேறு ஆளிடம் போனது. இரண்டு நினைவு மலர்கள் வரவில்லை. முன்பு பிளாசாவில் கண்டால் நின்று கதைத்தவர்கள் இப்போது மரக்கறிக் கடைப் பக்கமாகத் திரும்பிப் போனார்கள். அவளுக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. வள்ளல்களைத் தட்டுவதில் அவளுக்கு ஏற்கனவே அலுத்திருந்தது. தாயின் முகம்தான் அடிக்கடி வந்து போனது. அந்த மெஷினில் எத்தனை வருடம் கால் மிதித்துத் தைத்தார், ஒருநாளாவது அதன் பழைய சொந்தக்காரியை நினைத்தாரா என்று இனிக் கேட்க முடியாது. தாய் இறந்து ஆறு வருடம்.

மூன்று பாகங்களும் அவளுடைய வீட்டிலேயே இருந்தன. விழா முடிந்து நாலாம் நாள் மாஸ்ரர் ஆளனுப்பிக் கேட்டார். அவை புத்தளத்துக்குப் போய்விட்டன என்று எமில்டா சொல்லியனுப்பினாள். அது அன்றைக்கு உண்மை இல்லை. அடுத்த கிழமை கொழும்புக்குப் போன ஒரு குடும்பத்தின் பெட்டியில் வைத்து அதை உண்மையாக்கினாள். அனுப்புமுன் ஒவ்வொரு ஓரக்குறிப்பையும் படமெடுத்தாள். இருநூற்றுப் பதினொன்று இருந்தன.

புத்தகம் கிடைத்த அன்று முபீதா தொலைபேசி எடுத்தாள்.

“எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது அக்கா. பதினொரு வயசில பள்ளிக்கூடம் நிண்டுபோச்சு. பென்சில் எழுத்தை மட்டும் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன்.”

“அதை மட்டும் தனிப் புத்தகமாப் போடுவமோ? நான் ரைப் பண்ணித் தாறன்.”

முபீதா யோசித்தாள். “வாப்பா ஆருக்கும் காட்ட எழுதேல்லை. பென்சிலால எழுதினது, பிழையெண்டா அழிக்கலாமெண்டுதான். அப்பிடித்தான் சொல்லுவார். இப்ப வேணாம் அக்கா. நான் முதல்ல முழுக்க வாசிக்கிறன்.”

மார்கழியில், முதற்பனி கொட்டிய கிழமை, ஜெயரட்ணம் மாஸ்ரரே தொலைபேசி எடுத்தார். கோபம் ஒன்றும் குரலில் இல்லை. பழையபடி ‘பிள்ளை’ என்றார். தன்னுடைய புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறாராம். ‘அக்பருக்குப் பின்’ என்று தலைப்பு. ஆனால் எழுத்து நகரவில்லை.

“நீர் உந்தப் பென்சில் குறிப்பை எல்லாம் படம் எடுத்து வச்சிருக்கிறீர் எண்டு கேள்விப்பட்டன்.”

“ஓம், இருக்கு.”

“அதை ஒருக்கா அனுப்பிவிடும் பிள்ளை. மூண்டாம் பாகத்தில கடைசிப் பக்கங்களில நல்ல பொயின்ற் கொஞ்சம் இருந்தது. எனக்கு ஞாபகம் வருகுதில்லை.”

“அது முபீதாவின்ர சொத்து மாஸ்ரர். அவவிட்டக் கேளுங்கோ. நம்பர் தாறன், எழுதுங்கோ.”

மறுமுனையில் பேனை தேடுகிற சத்தம் கேட்டது. அவள் நாட்டுக் குறியீட்டிலிருந்து ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். புத்தளத்தில் இப்போது நேரம் என்ன என்றும் கேட்டார். நன்றி சொல்லி வைத்தார்.

அதன் பிறகு முபீதா மூன்று முறை எமில்டாவுடன் கதைத்துவிட்டாள். மாஸ்ரரிடமிருந்து அவளுக்கு இன்றுவரை ஓர் அழைப்பும் வரவில்லை.